வலிக்காத கால்

எனக்கு எழுத்து வராது. அஞ்சாவது வரைக்கும்தான் படிப்பு. அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவதற்குத் தவிர பேனாவைத் தொட்டதில்லை. மறதியும் சேர்ந்துகொண்டது. முன்னால் நடந்ததைப் பின்னாலும், பின்னால் நடந்ததை முன்னாலும் எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் அன்பியத்தில், தெருக் குடும்பங்கள் எல்லாம் ஒரு வீட்டில் கூடிச் செபம் செய்கிற அன்று, என்னை எழுந்து நின்று சாட்சி சொல்லச் சொன்னார்கள். நாலு பேருக்கு முன்னால் எனக்குக் குரல் எழும்பாது. கல்யாணத்தன்று கோயிலில் நான் சம்மதம் சொன்னதே சாமியார் காதில் விழவில்லை, மறுபடியும் கேட்டார். அதனால் எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். குரல் உள்ளவர் யாராவது வாசிக்கட்டும்.

வருகிற தவக்காலத்தில் ஏலாக்குறிச்சி மாதா கோயிலுக்கு நடக்கப் போகிறவர்கள் இதைக் கேட்க வேண்டும். அதிலும் சர்க்கரை உள்ளவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

போன தவக்காலத்தில் நானும் நடந்தேன். மாதாவிடம் எனக்கு ஒரு பொருத்தனை, ஒரு வேண்டுதல், இருந்தது. அது என்ன என்று யாரிடமும் சொல்லவில்லை. பொருத்தனை வைத்து மாதா கோயிலுக்கு நடக்கிறவர்கள் நம் பக்கத்தில் செருப்புப் போடுவதில்லை, அது உங்களுக்கே தெரியும். எனக்குச் சர்க்கரை வந்து ரொம்ப வருடம் ஆகிறது. மாத்திரை வாங்கப் போகும்போதெல்லாம் நர்ஸம்மா, "வூட்டுக்குள்ளயே செருப்புப் போட்டு நடங்க பாட்டி" என்று சொல்லும். மாதா கோயிலுக்குப் போகிற காலுக்கு அந்தப் பேச்சு செல்லாது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் கிளம்பி, வழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் படுத்து, மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சிமெண்டு லாரி போகிற ரோடு. ஓரமெல்லாம் சுண்ணாம்புக்கல் சில்லு. ஓரத்தை விட்டு இறங்கினால் கருவை முள். தார் இளகிக் கிடந்தது. என்னோடு வந்த பிலோமினா அக்காள் தத்தித் தத்தி நடந்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம்.

"சவுரி, ஒனக்கு எங்கயாச்சும் எரியுதாடி?" என்று கேட்டாள்.

"இல்லக்கா. ஒண்ணும் தெரியல."

"நல்லா இருக்கே கதை. மாதா ஒன்னைய மட்டும் இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு வரா. எங்களத் தார்ல நடக்க வுட்டுட்டா."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது. கோயிலுக்குப் போனதும் முழங்காலில் நின்று, வலி தெரியாமல் என்னைக் கொண்டுவந்து சேர்த்ததற்கு நன்றி சொன்னேன். பொருத்தனையைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னேன். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவேன்.

ஊருக்கு வந்து சில நாள் கழித்து, என் மருமகள் ரீத்தா வீடு கூட்டிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"அத்தை, தரையப் பாருங்க. நீங்க நடந்த எடமெல்லாம் ஈரம்."

"தண்ணி மிதிச்சிருப்பேன்."

"தண்ணி இந்த நாத்தம் அடிக்குமா? உக்காருங்க. காலத் தூக்குங்க."

தூக்கினேன். அவள் பார்த்தாள். பார்த்துவிட்டு வெளியே போய்த் தாஸுக்குப் போன் போட்டாள். தாஸ் என் மகன். பெரம்பலூரில் லாரி ஓட்டுகிறான், வாரத்துக்கு ஒரு நாள் வருவான். கட்டைவிரலுக்குக் கீழே கருவை முள் ஒன்று உள்ளே ஒடிந்து இருந்ததாம். சுற்றிலும் கறுத்துப்போய், விரலும் ஊதிக்கிடந்ததாம். இருந்ததாம் என்றுதான் எழுத முடிகிறது. அது என் கால், ஆனால் நான் பார்க்கவில்லை. குனிந்து உள்ளங்காலைப் பார்க்கிற வயசு தாண்டிவிட்டது. அந்த முள்ளோடு கோயிலுக்கும் வீட்டுக்கும் வயலுக்கும் நடந்திருக்கிறேன்.

அன்றைக்கே அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அதற்குள் காய்ச்சலும் நடுக்கமும் வந்துவிட்டது. சின்ன வயசு டாக்டரம்மா. முள்ளை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார்கள், டிக் என்று சின்னச் சத்தம் கேட்டது.

"இத்தன நாளா வலிக்கலயா பாட்டி?"

"இல்லம்மா. மாதா புண்ணியத்துல வலியே இல்ல."

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு ஒரு கைப்பிடியில் நைலான் நூல் மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை எடுத்து, "கண்ண மூடிக்குங்க, தொடும்போதெல்லாம் சொல்லுங்க" என்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தேன். காத்திருந்துகொண்டே இருந்தேன். எப்போது தொடுவார்கள் என்று கேட்கலாமா என நினைத்தபோது, "போதும், கண்ணத் தொறங்க" என்றார்கள். ரெண்டு காலிலும் பல இடத்தில் அழுத்தித் தொட்டாகிவிட்டதாம்.

"வலி தெரியாததுதாம்மா வியாதி" என்றார்கள். கோபமாகச் சொல்லவில்லை. சர்க்கரை ரொம்ப நாள் கூடுதலாக இருந்தால், காலில் இருக்கிற நரம்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துவிடும். முள் குத்தினாலும், தீ சுட்டாலும், கால் மூளைக்குச் சேதி சொல்லாது. சேதி வராததால் நாம் நடந்துகொண்டே இருப்போம். புண் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். எனக்குப் புரிந்தபடி எழுதியிருக்கிறேன்.

நான் சரி என்று தலையாட்டினேன். மனசுக்குள் ஒன்றுதான் ஓடியது. கோயிலில் முழங்காலில் நின்று நான் நன்றி சொன்னது வியாதிக்கு. மாதா தூக்கிக்கொண்டு வரவில்லை. கால் செத்துக்கொண்டு வந்திருக்கிறது.

அந்த நேரத்திலிருந்து மனசும் அப்படியே ஆகிவிட்டது. பயப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது, பயம் வரவில்லை. அழுகையும் வரவில்லை. யாருக்கோ நடப்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதுபோல் இருந்தது.

தாஸ் பெரம்பலூரிலேயே இருப்பதாலும், அங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் காப்பீட்டு அட்டை எடுத்துக்கொள்வார்கள் என்பதாலும் அங்கே மாற்றிக் கொண்டுபோனார்கள். ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு போனதால் ரோடு தெரியவில்லை. ஜன்னலில் மரத்தலையும் கரண்டுக் கம்பியும் மட்டும் ஓடின. ரீத்தா என் காலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். வண்டி குலுங்கும்போதெல்லாம் ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எனக்கு வலிக்காது என்று சொன்னேன். "எனக்கு வலிக்குது, சும்மா வாங்க" என்றாள்.

ஆஸ்பத்திரி என்றால் காத்திருப்பதுதான். ரத்தம் எடுக்கிற இடத்தில் காத்திருந்தோம். எலும்பு வரைக்கும் புண் போயிருக்கிறதா என்று படம் எடுக்கிற இடத்தில் காத்திருந்தோம். அங்கே தள்ளுவண்டியில் என்னைச் சுவரோரம் விட்டிருந்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் என் காலைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ரீத்தா தன் துண்டை எடுத்துக் காலை மூடினாள். சாப்பிடுவதற்குத் தாஸ் இட்லி வாங்கி வந்தான். அங்கேயே நின்று எனக்கு ஊட்டினான். மீசை நரைத்த மகன் ஊட்டி, நான் சாப்பிடுகிறேன். பணத்துக்கு என்ன செய்கிறாய் என்று கேட்டேன். "அட்டை இருக்குல்ல, சாப்புடு" என்றான். அட்டையில் சேராத மருந்தும் உண்டு என்று எனக்குத் தெரியும். அவன் கையில் கடிகாரம் இல்லை. நான் கேட்கவில்லை.

பெரிய டாக்டர் வந்து பார்த்தார். கட்டைவிரலும் பக்கத்து விரலும் எடுத்தாக வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்து, என் பாதத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கறுப்பும் சிவப்பும் இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றால் பாதம் பிழைக்கும், தாண்டினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டிவரும் என்றார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கவைத்துத்தான் விரல்களை எடுத்தார்கள். எடுத்துவிட்டோம் என்று சொன்ன பிறகுதான் தெரியும்.

அதற்குப் பிறகு நாங்கள் எல்லாரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். கட்டு மாற்றும்போதெல்லாம் ரீத்தா குனிந்து பார்ப்பாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் வெட்டின இடம் காயவும் இல்லை. ஓரம் வெளுத்து, மறுபடியும் லேசாகக் கறுக்க ஆரம்பித்தது.

வார்டில் என் பக்கத்துக் கட்டில் லப்பைக்குடிக்காட்டுக்காரர், என் வயசுதான். எல்லாரும் பீவிம்மா என்று கூப்பிட்டார்கள். அவருக்கும் சர்க்கரைக் கால்தான். பேரனோடு மோட்டார் பைக்கில் போகும்போது சைலன்சரில் கால் பட்டிருக்கிறது, தெரியவில்லை. கறி வாசனை வருகிறதே, எந்தக் கடையில் என்று பேரனைக் கேட்டாராம். அதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவர் மகன் துபாயில் இருக்கிறான். தினமும் வீடியோவில் கூப்பிடுவான். பீவிம்மா போனைக் காலுக்கு நேராகப் பிடிப்பார்.

"துபாய்ல இருக்கறவன் பூரா எங் காலப் பாத்துட்டான். நான்தான் இன்னும் பாக்கல" என்பார்.

"எனக்கும் அதே கதிதான் அக்கா."

"அல்லா பாத்துக்கிட்டுத்தான் இருக்கான். நமக்குத்தான் கழுத்து வளைய மாட்டேங்குது."

அவர் தொழுகிற நேரத்துக்குக் கட்டிலில் உட்கார்ந்தபடியே தொழுவார். முடித்ததும், "ஒங்க காலுக்கும் சேத்து துவா கேட்டுட்டேன்" என்று சொல்வார். நான் பதிலுக்கு உங்களுக்காகச் செபிக்கிறேன் என்று சொல்லத்தான் வேண்டும். சொல்ல முடியவில்லை. நான் செபிக்கவே இல்லை. செபமாலை கையில் இருக்கும். மணியை உருட்டுவேன். வாய் அசையும். உள்ளே எதுவும் ஓடாது. சின்னப் பிள்ளையிலிருந்து பூசையில் ஆண்டவரின் பேரன்பு, பேரன்பு என்று எத்தனை முறை பாடியிருக்கிறோம். அந்தச் சொல்லை எடுத்து மனசில் வைத்துப் பார்த்தேன். தண்ணீர் இல்லாத குழாயைத் திருகுவது மாதிரி இருந்தது. சாமி என்னை விட்டுவிட்டார் என்ற துக்கம்கூட வரவில்லை. துக்கம் வந்திருந்தால் தேவலை.

நம் பங்குச் சாமியார் ஒரு மத்தியானம் வந்தார், நோயில் பூசுதல் கொடுக்க. பழைய நாளில் அதைச் சாகப் போகிறவர்களுக்குத்தான் கொடுப்பார்கள், அவஸ்தைப்பூசுதல் என்போம். எண்ணெய்ச் சிமிழைப் பார்த்ததும் கோடு தாண்டிவிட்டதோ என்று ரீத்தாவைப் பார்த்தேன். "அதெல்லாம் இல்ல, சும்மா வேண்டிக்கத்தான்" என்று காதோடு சொன்னாள். நெற்றியிலும் கையிலும் பூசினார். கூட்டத்தில் பேச வராத எனக்கு அன்றைக்கு வாய் வந்தது.

"சாமி, எனக்குச் செபம் வரல. ஒண்ணுமே தோண மாட்டேங்குது. பொய்யா வாய அசைக்கிறேன்."

எனக்கு ஏதாவது புத்தி சொல்வார் என்று நினைத்தேன். அவர் சிமிழை மூடினார். "சரிம்மா. ஒங்களுக்காக ஊர்ல செபிக்கிறோம். நீங்க படுத்திருங்க" என்றார். அவ்வளவுதான். பீவிம்மாவிடமும் கால் எப்படி இருக்கிறது என்று விசாரித்துவிட்டு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

அவர் போன பிறகு ரீத்தா கேட்டாள். "எதுக்கு அத்தை இந்தக் கால வச்சுக்கிட்டு நடந்தீங்க? என்னா பொருத்தனை?"

நான் செபமாலையை எடுத்து உருட்டினேன்.

"கேக்குறேன்ல."

"ஒனக்குத்தான். வயித்துல ஒண்ணு தங்கணும்னு."

அவள் கட்டுத்துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பது நின்றது. "நான் கேட்டனா ஒங்கள?" என்றாள். குரல் மேலே போகவில்லை. "எனக்காகக் கால வெட்டிக்கச் சொல்லி நான் கேட்டனா? நாளைக்கு ஊரு என்னா சொல்லும், மருமவளுக்காக நடந்து கெழவி கால் போச்சுன்னுதான சொல்லும்?"

அவள் எழுந்து வெளியே போனாள். பீவிம்மா எனக்கு முதுகைக் காட்டித் திரும்பிப் படுத்துக்கொண்டார், ஒன்றும் கேட்காதவர் மாதிரி. ரீத்தா வரமாட்டாள், பஸ் ஏறிவிட்டாள் என்றே நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையில் டீயும் இன்னொரு கையில் வெந்நீரும் கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது. டீயை எனக்குக் கொடுத்துவிட்டு, வெந்நீரில் துணி நனைத்து என் நல்ல காலைத் துடைத்தாள். விரல் இடுக்கு வரைக்கும் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் கை படுவது எனக்குத் தெரியவில்லை. ஆனால் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். அதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, பெரிய டாக்டர் வந்து புண் ஓரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். காலுக்கு ரத்தம் வருகிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிடலாம், ரத்தம் வந்தால் காத்திருக்கலாம், வராவிட்டால் காத்திருந்து பிரயோசனம் இல்லை, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவோம் என்றார். தாஸ் வேலைக்குப் போகவில்லை.

டாப்ளர் என்று சொன்னார்கள். பேனா மாதிரி ஒன்று, அதிலிருந்து ஒரு வயர், அந்தப் பக்கம் சின்ன ரேடியோ மாதிரி ஒரு பெட்டி. ரத்தம் ஓடினால் அந்தப் பெட்டியில் சத்தம் கேட்கும். ஒரு பையன் டாக்டர், கணுக்காலில் பசை மாதிரி ஒன்றைத் தடவி அந்தப் பேனாவை வைத்தார். பெட்டியில் கரகர என்று இரைச்சல் மட்டும் வந்தது. கொஞ்சம் தள்ளி வைத்தார். இரைச்சல்தான். பாதத்தின் மேலே வைத்தார். தாஸ் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ரீத்தா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பீவிம்மா அவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் உள் கணுவுக்குப் பின்னால் கொண்டுபோய் லேசாகச் சாய்த்தார்.

விசுக் என்று ஒரு சத்தம். பிறகு நின்று, விசுக். பிறகு விசுக், விசுக் என்று வந்துகொண்டே இருந்தது. துணியைக் கல்லில் அடிக்கிற சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்பது மாதிரி.

"என்னா சார் அது?" என்று கேட்டேன்.

"உங்க ரத்தம்தாம்மா. பாதத்துக்குப் போவுது. நல்லாவே போவுது."

"எப்ப இருந்து போவுது?"

அவர் சிரித்துவிட்டார். "நீங்க பொறந்ததுல இருந்து."

எல்லாரும் சிரித்தார்கள். தாஸ் மட்டும் சுவரைப் பார்த்தபடியே நின்றான், தோள் குலுங்கியது. எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அந்தப் பேனாவை வையுங்கள் என்று கேட்டேன். வைத்தார். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

அப்போது நினைத்ததைச் சரியாக எழுத வருமா என்று தெரியவில்லை. என் காலில் எனக்கு எதுவும் தெரிந்ததில்லை. முள் தெரியவில்லை, கத்தி தெரியவில்லை, ரீத்தாவின் கை தெரியவில்லை. ஆனால் அதற்குள் இது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாததால் அது நின்றுவிடவில்லை. மாதா கோயிலில் வலி இல்லை என்று நன்றி சொன்னேனே, அது தப்பான நன்றி. வலி இல்லாததை அன்பு என்று நினைத்துவிட்டேன். பிறகு மனசில் ஒன்றும் தோன்றாதபோது, அன்பு இல்லை என்று நினைத்துவிட்டேன். அதுவும் அதே தப்புதான். எனக்குத் தோன்றியதை வைத்தே ரெண்டு முறையும் சாமியை அளந்திருக்கிறேன். பேரன்பு என்றால் நமக்குத் தோன்றுவது அல்ல போலிருக்கிறது. நமக்குத் தெரியாத நாளிலும் வந்துகொண்டிருப்பது.

அன்றைக்குச் செபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. இன்னும்கூட முன்னைப்போல் வரவில்லை. மணியை உருட்டுகிறேன். ஆனால் பொய்யாக உருட்டுகிறேன் என்று இப்போது நினைப்பதில்லை. பீவிம்மாவிடம் மட்டும், "ஒங்க காலுக்கும் கேட்டுட்டேன் அக்கா" என்று சொன்னேன். "கேளுங்க, கேளுங்க, ரெண்டு பேரும் சேந்து கேட்டா ஒரு காலாவது மிஞ்சும்" என்றார்.

அதற்குப் பிறகு கட்டு மாற்றுவது, வயிற்றில் இன்சுலின் ஊசி, இப்படியே போனது. புண் ஆற ரொம்ப நாள் எடுத்தது. பாதம் தங்கியது. ரெண்டு விரல் இல்லை. நடையில் கொஞ்சம் சாய்வு. ஆஸ்பத்திரியில் சொன்ன செருப்பைத் தாஸ் வாங்கிக் கொடுத்தான், வீட்டுக்குள்ளும் போடுகிறேன். பீவிம்மாவுக்கு ஒரு விரல்தான் போயிற்று. எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டார். வெள்ளிக்கிழமைகளில் போன் பண்ணுகிறார்.

ரீத்தாவுக்கு இன்னும் வயிற்றில் தங்கவில்லை. அதையும் எழுதத்தான் வேண்டும், சாட்சி என்றால் நல்லதை மட்டும் எழுதக் கூடாது. அவளிடம் அந்தப் பேச்சை நான் எடுப்பதில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு அவள் போனில் லைட்டைப் போட்டுக்கொண்டு வந்து தரையில் உட்காருவாள். "காலத் தூக்குங்க" என்பாள். ஒவ்வொரு விரல் இடுக்காகப் பார்ப்பாள். ஒருநாள் செருப்புக்குள் ஒரு புளியங்கொட்டை இருந்திருக்கிறது. நாள் முழுக்க அதை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன். "இது என்னா, மாதா குடுத்தாளா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

நடக்கப் போகிறவர்களே, செருப்புப் போட்டு நடங்கள். பொருத்தனை அதனால் குறைந்துவிடாது என்று சாமியாரும் சொல்லிவிட்டார். வழியில் தங்குகிற இடத்தில் ஒருவர் உள்ளங்காலை இன்னொருவர் பாருங்கள். வலிக்கிறதா என்று கேட்காதீர்கள், பாருங்கள். பெரிய வியாழக்கிழமை சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவதை வருடா வருடம் பார்க்கிறோமே, அந்த மாதிரி நினைத்துக்கொண்டு பாருங்கள்.

இதில் நான் எழுதின மருந்து, மெஷின் விவரமெல்லாம் எனக்குப் புரிந்த அளவுதான். அந்தச் சத்தம் உள் கணுவில் கேட்டதா வெளிக் கணுவில் கேட்டதா என்று எழுதின பிறகு சந்தேகமாக இருக்கிறது. ரீத்தாவுக்குத்தான் தெரியும். விட்டுப்போனது எது, தப்பாக எழுதினது எது என்று எனக்குத் தெரியாது, என் உள்ளங்காலைப் போலத்தான். கூட்டத்தில் வாசிப்பதற்கு முன்னால் ரீத்தா இதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.